எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை

நெய்வேலியில் இடுப்பு வலி என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டம்பர் ஓட்டுகிறவருக்கு இடுப்பு வலி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்கும் மண்ணைக் குனிந்து வாரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இடுப்பு வலி. நைட் ஷிப்ட் முடித்து சைக்கிள் மிதித்து வருகிறவருக்கு இடுப்பு வலி. டவுன்ஷிப்புக்கு வெளியே முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் பெண்களுக்குக் கேட்கவே வேண்டாம். "குறுக்கு புடிச்சிக்கிச்சு" என்பார்கள், "வாயு" என்பார்கள், ரெண்டு நாளில் வேலைக்குப் போய்விடுவார்கள். வலி இங்கே வெயிலைப் போல. இருக்கிறது என்று சொல்வதால் யாருக்கும் புதிதாக எதுவும் தெரிந்துவிடாது.

எனக்குக் கோபம் இந்தச் சகஜத்தின் மேல்தான். நூறு வலியில் தொண்ணூற்றொன்பது தானாகச் சரியாகிவிடும் என்பது உண்மை. அந்த மீதி ஒன்றைக் கண்டுபிடிக்க நாம் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம்? எதுவும் இல்லை. கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவை என்பதால் இல்லாமல் போகவில்லை. மூன்று கேள்விகளைக் கேட்க நமக்கு வாய் வராததால் இல்லாமல் போனது. இந்தக் கட்டுரை அந்த மூன்று கேள்விகளுக்காகப் போடும் சண்டை.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்புக்குள் எலும்பாலான ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் டியூரா என்ற தடித்த உறை, உறைக்குள் தண்டுவடம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் எலும்போடு முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் கற்றையாகத் தொங்கும். பார்க்கக் குதிரை வால் மாதிரி இருப்பதால் லத்தீனில் 'காடா ஈக்வைனா', அதாவது குதிரைவால், என்றே பெயர் வைத்தார்கள். கால் நடப்பது, சிறுநீரை அடக்குவது, விடுவது, மலத்தை அடக்குவது, உடலுறவில் உணர்வு எல்லாம் இந்த வாலை நம்பி இருக்கிறது.

டியூராவுக்கும் எலும்புக்கும் நடுவே கொஞ்சம் இடம் உண்டு. பிரசவத்தில் எபிடியூரல் ஊசி போடுகிறார்களே, அதே இடம். அங்கே கொழுப்பும் சிரைகளின் பின்னலும் இருக்கின்றன. அந்தச் சிரைகளுக்கு வால்வு கிடையாது. இருமினால், முக்கினால், வயிற்றில் ஏறும் அழுத்தம் நேராக அங்கே போய்ச் சேரும். சில பேருக்கு, அடி எதுவும் படாமலே, அங்கே ஒரு ரத்தக்குழாய் கிழிந்து கசிய ஆரம்பிக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு, ரத்தக்குழாயில் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். பல பேருக்குக் காரணமே கிடைப்பதில்லை. கழுத்திலும் நடுமுதுகிலும் வருவது அதிகம். கீழ் முதுகில் வந்தால் குதிரைவால் நசுங்கும்.

கசியும் ரத்தம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும். சில தேக்கரண்டி. அதே ரத்தம் தொடையில் கசிந்திருந்தால் கன்றிப்போய் ஒரு வாரத்தில் மறைந்திருக்கும். இங்கே சுற்றிலும் எலும்பு, விரிய இடமில்லை.

மூடிய இடத்தில் அழுத்தம் என்றால் என்ன என்று வேறு எந்த ஊர்க்காரருக்கும் விளங்காமல் போகலாம், நெய்வேலிக்காரருக்கு விளங்க வேண்டும். இந்த ஊரே அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ தண்ணீரோடு வந்தது. கரி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதை எடுப்பது லேசாக இல்லை. காரணம், கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் ஊற்று நீர். மேலே உள்ள மண்ணை அகற்றினால் அந்த நீர் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துக்கொண்டு மேலே வரும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு ராத்திரி பகல் பாராமல் பம்ப் ஓட்டி அழுத்தத்தை இறக்குகிறார்கள். 1961இல் முதல் கரிப்படுகை வெளியே தெரிந்த காலம் தொட்டு அந்த பம்புகள்தான் சுரங்கத்தின் உயிர். இன்றைக்கு அழுத்தத்தைப் பார்க்க நேரமில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று எந்த இன்ஜினியரும் சொல்ல மாட்டார். மண்ணுக்கு அடியில் இருக்கும் அழுத்தத்துக்கு இத்தனை காவல் வைக்கத் தெரிந்த ஊர், தொழிலாளியின் முதுகுக்குள் ஏறும் அழுத்தத்துக்கு ஒரு டைக்ளோபினாக் ஊசியோடு கதையை முடித்துக்கொள்கிறது.

என் சித்தப்பா ஒரு ஸ்டோரில் ஒப்பந்த வேலை பார்த்தார். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டதால் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். தினமும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பலமாக இருமியபோது கத்தியால் குத்தினமாதிரி முதுகில் வலி. பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டார்கள். "அண்ணே, என்ன மாத்திரை சாப்புடுறீங்க?" என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எக்ஸ்ரே. "எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல, சதைப்பிடிப்பு." சொந்தக்காரர் ஒருவர் சுளுக்கு வழிக்க ஆள் கூட்டி வந்தார். வெள்ளி ராத்திரி கால் மதமதவென்று இருந்தது. சனிக்கிழமை காலையில் எழுந்து நின்றவர் மடங்கி விழுந்தார். அதுவரைக்கும், முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சிறுநீர் போகவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. டியூப் போட்டபோது ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. பிறகு பெரிய ஆஸ்பத்திரி, எம்ஆர்ஐ, ரத்தத்தை உறைய வைக்கும் மருந்துகள், ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன். வலி வந்து அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இப்போது வாக்கர் வைத்து வீட்டுக்குள் நடக்கிறார். ஒரு நாளைக்கு நாலு தடவை தானே டியூப் விட்டுச் சிறுநீரை எடுத்துக்கொள்கிறார். சித்தி கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தனியாகப் போகிறாள். இதற்கு மேல் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சொன்னவரைக்கும் சித்தப்பாவின் சம்மதத்தோடு சொல்கிறேன். "எழுது, ஒன்னுக்குப் போவலன்னு சொல்லணும்னு எழுது" என்றார்.

இந்தக் கதையைச் சொன்னால் படித்தவர்கள் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை, "ரொம்ப அரிதுங்க." ஆமாம், அரிதுதான். காரணமில்லாமல் தண்டுவட உறைக்கு வெளியே வரும் இந்த ரத்தக்கசிவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. அந்தக் கணக்கை அப்படியே போட்டால் மாநிலத்தில் ஆண்டுக்கு எழுபது பேர் சொச்சம். கடலூர் மாவட்டத்தில் 26 லட்சம் பேர், ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ பேர். அரிது என்ற வார்த்தைக்குப் பின்னால் இருப்பவர்கள் இவர்கள். மாவட்டத்தில் மட்டும் பத்து வருடத்தில் அரை பஸ் நிறையும்.

இதைவிட முக்கியமான பதில் ஒன்று இருக்கிறது. ரத்தக்கசிவு அரிது, ஆனால் குதிரைவால் நசுங்குவது அத்தனை அரிதில்லை. டிஸ்க் பிதுங்கி நசுக்கலாம், அதுதான் அதிகம். முதுகெலும்புக் காசநோய் நசுக்கலாம், கட்டி நசுக்கலாம், சீழ் நசுக்கலாம். நசுக்குவது எதுவாக இருந்தாலும் அடையாளங்கள் ஒன்றுதான், கேட்க வேண்டிய கேள்விகளும் ஒன்றுதான். எழுபது பேருக்காக ஏழு கோடிப் பேரைத் தொந்தரவு செய்யச் சொல்கிறான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதுகு வலி என்று வந்து உட்காருகிற எவரிடமும் கேட்டே ஆக வேண்டிய கேள்விகளைத்தான் சொல்கிறேன்.

"எல்லாருக்கும் எம்ஆர்ஐ எடுக்க முடியுமா?" முடியாது, எடுக்கவும் கூடாது. யாருக்கு எடுக்க வேண்டும் என்று பிரிக்கத்தான் கேள்விகள். "ஓ.பி.யில் இருநூறு பேர் நிற்கிறார்கள், எங்கே நேரம்?" கேள்விகளைக் கேட்க அரை நிமிஷம் போதும், டாக்டரே கேட்க வேண்டும் என்றும் இல்லை. பிபி பார்க்கும் நர்ஸ் கேட்கலாம். சீட்டு எழுதுகிறவர் கேட்கலாம். சந்தேகம் வந்தால் சிறுநீர் போய்விட்டு வரச் சொல்லி ஒரு ஸ்கேனில் பையைப் பார்க்கலாம். போன பிறகும் 200 மில்லிக்கு மேல் தேங்கியிருந்தால் யோசிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட் மெஷின் போதும்.

நாம் செய்வதோ எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். ரத்தக்கட்டி தெரியாது, நரம்பு தெரியாது, டிஸ்க்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தேடி ஒரு படம் எடுத்து, அதில் அது இல்லை என்று சொல்லி ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்புகிறோம். அவரும் நிம்மதியாகப் போகிறார். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்பதைவிட ஆபத்தான ஆறுதல் வார்த்தை நம் கிளினிக்குகளில் இல்லை. எக்ஸ்ரேயே எடுக்காமல் இருந்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் பயம் மிச்சம் இருந்திருக்கும், அந்தப் பயம் அவரை ராத்திரியே ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கும்.

அடுத்தது ஊசி. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு டைக்ளோபினாக் மாதிரி வலி ஊசி ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை, மருந்தியல் பாடப் புத்தகத்தில் இருப்பது. அப்புறம் சுளுக்கு வழிப்பவர். கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் முதுகில் மிதித்தால் சுளுக்கு போகும் என்று நம்பும் ஊர் நம்முடையது. பிறந்த விதத்தில் என்ன வைத்தியம் இருக்கிறது என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. கால் மதமதக்கும் ஆளின் முதுகில் யாருடைய காலும் படக் கூடாது. அவ்வளவுதான். (இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். செயற்கை வால்வு உள்ளவர் அதை நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும், மூளைக்குக் கட்டி போகும். மாத்திரை எதிரி இல்லை. அதைச் சாப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமலும் கேட்காமலும் விடுவதுதான் எதிரி.)

இப்போது நம் பக்கம் வருகிறேன். நம் பக்கம் என்றால் எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள், மொழியை வைத்துப் பிழைப்போ பெருமையோ தேடுகிறவர்கள். குதிரைவால் நசுங்கும்போது வரும் முக்கியமான அடையாளத்துக்கு ஆங்கில மருத்துவத்தில், குதிரைச் சேணத்தில் உட்கார்ந்தால் படும் இடம் மரத்துப்போவது என்று பொருள்படும் ஒரு பெயர் இருக்கிறது. அதைச் 'சேண மரப்பு' என்று தமிழாக்கி வைத்தால் யாருக்கு என்ன புரியும்? நெய்வேலியில் யார் குதிரையில் போகிறார்கள்? ஆனால் இந்த ஊரில் சைக்கிள் தெரியாத ஆள் கிடையாது. "சைக்கிள் சீட்டு படுற இடம் மரத்துப்போயிருக்கா?" என்று கேட்டால் எந்தத் தொழிலாளியும் ஒரு நொடியில் பதில் சொல்வார். சைக்கிள் ஓட்டாத பாட்டியிடம், "கழுவும்போது கை பட்டாத் தெரியுதா?" என்று கேட்கலாம். இந்த இரண்டு வாக்கியங்களையும் கண்டுபிடிக்கக் கலைச்சொல் குழு தேவையில்லை, கூச்சம் போனால் போதும்.

அந்தக் கூச்சத்தைத்தான் நாம் பண்பாடு என்று பாதுகாக்கிறோம். நம் கதைகளில் உடல் நிறைய வருகிறது. காமமாக வருகிறது, அரசியலாக வருகிறது, படிமமாக வருகிறது. சிறுநீர் அடைத்துக்கொண்ட உடல் வருவதில்லை. 'முதுகெலும்பு இல்லாதவன்' என்று முகநூலில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள மட்டும் முதுகெலும்பு நமக்குத் தேவைப்படுகிறது. அந்த எலும்புக்குள் என்ன ஓடுகிறது என்று எழுதினால் அது 'மருத்துவக் குறிப்பு' ஆகிவிடுகிறது, இலக்கியப் பக்கத்துக்கு ஆகாது. எனக்கு இந்தத் தீண்டாமை புரியவில்லை. ஒரு மொழியில் தன் உடம்பின் ஒரு இடத்தைச் சொல்ல ஒரு பெண்ணுக்குக் கௌரவமான வார்த்தை கிடைக்கவில்லை என்பது இலக்கியப் பிரச்சினை இல்லையென்றால், எது? ஆண் டாக்டர் முன்னால், மாமியார் பக்கத்தில் நிற்க, "ஒன்னுக்கு வர்றது தெரியல" என்று சொல்ல வேண்டிய பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசி வாங்கிக்கொண்டு போவாள்.

இன்னொரு பெருமையும் இருக்கிறது, வலி தாங்கும் பெருமை. "எங்க அப்பா காய்ச்சலோட நைட் ஷிப்ட் போனவரு" என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்தப் பெருமையில் யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டும். வராத நாளுக்குச் சம்பளம் இல்லாதவர் வலியைத் தாங்குவதற்குப் பெயர் வீரம் இல்லை, கணக்கு. அந்தக் கணக்கை வீரமாக்கி மெச்சுகிறவர்கள், சம்பளத்தோடு லீவு உள்ளவர்கள். டவுன்ஷிப்பில் ஒரே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே மாதிரி முதுகோடுதான் பிறக்கிறார்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு முதுகு வலித்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்விக்கு இரண்டு பேருக்கும் ஒரே பதில் இல்லை.

வெடித்தால் மட்டும் பார்ப்போம். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தபோது ஆறு பேர் அன்றே இறந்தார்கள், காயம்பட்டவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள், பிறகு சாவு எண்ணிக்கை கூடியது. அதே ஆண்டு மே மாதம் இன்னொரு பாய்லர். அதற்கெல்லாம் செய்தி வந்தது, விசாரணை வந்தது, வர வேண்டியதுதான். உடம்புக்குள் சத்தமில்லாமல் நடக்கும் விபத்துக்குப் புகை கிடையாது, அதனால் கேமராவும் கிடையாது. இன்னும் பேர்கூடக் கிடையாது, 'வாதம்', 'இழுத்துக்கிச்சு' என்ற பொது வார்த்தைகளுக்குள் புதைந்துபோகிறது.

இதற்கு நேரம் எவ்வளவு முக்கியம் என்று மருத்துவ உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. ஜாக்சன் என்ற ஆங்கில மருத்துவர் இந்த நோயை விவரித்தது 1869இல். முதல் ஆபரேஷன் 1897இல். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு முன்பே. 1995இல் லாடனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், 12 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். 1996இல் நெதர்லாந்தைச் சேர்ந்த க்ருனும் வான் ஆல்பெனும் உலகம் முழுக்கப் பதிவான முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை அலசினார்கள். உணர்வும் அசைவும் முழுக்கப் போனவர்களுக்கு 36 மணி நேரத்துக்குள், பாதி போனவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்துவிட்டால் பலன் நன்றாக இருக்கிறது என்றார்கள். நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு.

மணிக் கணக்கு நம் அரசுக்கும் புரியும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம், பல உயிர்களைக் காத்த திட்டம். மாரடைப்பு என்றால் ஊரில் எல்லோருக்கும் அவசரம் தெரிகிறது, நெஞ்சைப் பிடித்தால் 108க்குப் போன் போடுகிறார்கள். ஸ்ட்ரோக்குக்கும் மெல்ல அந்த அறிவு வந்துகொண்டிருக்கிறது. முதுகுக்கு மட்டும் வரவில்லை. நெய்வேலியிலிருந்து புதுச்சேரி எழுபது கிலோமீட்டர், சென்னை இருநூறு கிலோமீட்டர். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலை வேலை வருஷக்கணக்கில் இழுத்த லட்சணம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சாலையில் போவது சில மணி நேரம்தான். சித்தப்பாவின் அறுபது மணியில் பெரும்பங்கு ஆம்புலன்ஸில் போகவில்லை. "சதைப்பிடிப்பு" என்ற வார்த்தையில் போனது.

பிரிட்டனில் முதுகு வலியோடு வருகிறவர்கள் கையில் ஏ.டி.எம் கார்டு அளவில் ஒரு அட்டை கொடுக்கிறார்கள். இந்த இந்த அடையாளம் வந்தால் உடனே எமர்ஜென்சிக்கு வா என்று எழுதியிருக்கும், பல மொழிகளில் கிடைக்கிறது. 2023இல் அங்கே வந்த தேசிய வழிகாட்டுதல், சந்தேகம் வந்து கேட்ட நாலு மணி நேரத்துக்குள் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்கிறது. அங்கும் தவறுகிறது, தவறும்போது கோர்ட்டுக்குப் போகிறார்கள், பெரிய தொகை கட்ட வேண்டிவருகிறது, அதனால் அட்டை அச்சாகிறது. இங்கே தவறினால் "விதி" என்கிறோம். விதிக்கு யாரும் நஷ்டஈடு கட்ட வேண்டியதில்லை, அதனால் நமக்கு அட்டை இல்லை.

அட்டை அச்சடிக்க ஒரு கார்ப்பரேட் சமூகப் பொறுப்பு நிதியும், அமைச்சர் கையால் ஒரு தொடக்க விழாவும் தேவை என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. சுரங்கத்தின் ஷிப்ட் ரூமில், கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில், பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டினால் போதும். புதிதாகவோ திடீரென்று கடுமையாகவோ முதுகு வலிக்கிறவருக்கு:

ஒன்னுக்கு வர்றது தெரியுதா, சரியாப் போவுதா, இல்ல அடைச்சிக்கிட்டு இருக்கா? மோஷன் தெரியாமப் போவுதா?

சைக்கிள் சீட்டு படுற இடம், கழுவுற இடம் மரத்துப்போயிருக்கா?

ரெண்டு காலும் மதமதன்னு இருக்கா, பின்னுதா, செருப்பு தானாக் கழண்டு விழுதா?

கூடவே ஒரு துணைக் கேள்வி: ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறீங்களா?

ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஊசி வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம், மிதிக்க ஆள் வேண்டாம், காலை வரைக்கும் பார்க்கலாம் வேண்டாம். 108. எம்ஆர்ஐயும் நரம்பு அறுவைச் சிகிச்சையும் உள்ள ஆஸ்பத்திரி. போனதும் "முதுகு வலி" என்று சொல்லாதீர்கள், ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார வைப்பார்கள். "சிறுநீர் அடைச்சிருக்கு, கால் மரத்துப்போச்சு, குதிரைவால் நரம்பு நசுங்கியிருக்கான்னு பாருங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் மாமியார் நின்றாலும் சொல்லுங்கள்.